எடுக்க மறந்த வேகத்தடை

பாடி மேம்பாலத்தை விட்டு மேற்கே நடந்துகொண்டிருந்தேன். சட்டைக்குள் லேப்டாப். வலது கையால் அதைப் பிடிக்க முடியவில்லை. சுண்டுவிரல் வெளிப்பக்கமாகத் திரும்பி நின்றது. கீழ் வரிசையில் ஒரு பல் ஆடியது. அதை நாக்கால் தள்ளிப் பார்த்தபடியே நடந்தேன். காலை பதினொரு மணி இருக்கும். பஸ்ஸில் ஏறவில்லை. சட்டையின் முன்பக்கம் ரத்தமாக இருந்தது. ஏறினால் கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும். லாரி போகும் சாலையோரம் ரத்தத்தோடு நடப்பவனை அங்கே யாரும் நிறுத்திக் கேட்பதில்லை.

எனக்குப் பின்னால், ஒரு இரும்புத் தகடு யார்டில், கிரேன் ஆபரேட்டரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். சாயங்காலம் ஆறு மணி வரை அவருக்குத் தவணை. அதற்குள் நான் திரும்பிப் போய், கிரேனை அவர் நகர்த்தவில்லை என்று லேப்டாப்பில் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அவர் காலை உடைப்பார்கள். சொன்னவன், அந்தக் கிரேனில் கால் போன தொழிலாளியின் தம்பி. அவன் கத்திச் சொல்லவில்லை.

"எங்கண்ணனுக்குப் போனது வலது காலு. இவருக்கும் அதே காலு. வேற எதையும் தொட மாட்டோம்" என்றான்.

நான் திரும்பிப் போவதாக இல்லை. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து அப்படித்தான் வாழ்ந்திருக்கிறேன். ஓசூரில் ஒரு பட்டறை, திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை, பிறகு செல்போன் பழுது பார்க்கும் கடைகள். எங்கே அடி விழுகிறதோ அங்கிருந்து கிளம்பிவிடுவேன். முத்தாபுதுப்பேட்டையில் எடுத்திருந்த அறையில் ஒரு பாயும் நாலு சட்டையும் கிடந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு ஆவடியில் ரயில் ஏறினால் முடிந்தது.

அப்போது நான் வேலை பார்த்தது வேலப்பன்சாவடியில் ஒரு ப்ராஜெக்ட் சென்டரில். சுற்றி நிறையக் கல்லூரிகள் இருப்பதால் அங்கே அந்தத் தொழில் நடக்கும். இன்ஜினியரிங் கடைசி வருஷப் பிள்ளைகள் செய்ய வேண்டிய ப்ராஜெக்டை நாங்கள் செய்து கொடுப்போம். பத்தாம் வகுப்பைத் தொடாத நான் செய்ததைக் காட்டிப் பல பேர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். எனக்கு வந்தது ரேடியோ வேலை. விரல் நீளத்தில் ஒரு யூ.எஸ்.பி. குச்சி, அதன் முனையில் ஆண்டெனா. மீதி ரேடியோ முழுவதும் லேப்டாப்புக்குள் மென்பொருளாக இருக்கும். இலவசமான திறந்த மூல மென்பொருள். யாரும் உள்ளே பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். திரையில் கட்டங்களை இழுத்து வைத்துக் கோடு போட்டு இணைக்க வேண்டும். ஒரு கட்டம் அலையை வாங்கும், ஒன்று இரைச்சலை வடிகட்டும், ஒன்று அலையிலிருந்து ஒன்றையும் பூஜ்யத்தையும் பிரித்துக் கொடுக்கும். வரிசை சரியாக இருந்தால் அதுதான் ரிசீவர்.

சென்டரில் ஒரு வழக்கம் இருந்தது. தேர்வு நடத்த வருபவர் முன்னால் காற்றிலிருந்து நேரடியாக எதையும் பிடித்துக் காட்ட மாட்டோம். அந்த நேரம் பார்த்து அலை கிடைக்காமல் போகும். முன்பே பதிவு செய்து வைத்த கோப்பை ஓட்டி, இப்போதுதான் வருகிறது என்று சொல்வோம். கோப்பு ஒரு நாளும் காலை வாராது. நான் செய்த ரிசீவர்கள் எல்லாமே கோப்பில் ஓடியவை.

அப்படி ஒரு கோப்புக்காகத்தான் போன வருஷம் பாடியில் அந்த யார்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஆண்டெனாவோடு உட்கார்ந்திருந்தேன். யார்டுகளில் கிரேனை ரிமோட்டில்தான் ஓட்டுவார்கள். ஒவ்வொரு பட்டனுக்கும் ரிமோட் ஒரு செய்தி அனுப்பும். செய்தியின் தலையில் கிரேனின் எண் இருக்கும். தன் எண் வந்தால் மட்டும் கிரேன் அசையும். அதைப் பதிவு செய்யத்தான் வந்திருந்தேன். எந்த யார்டின் கிரேன் என்று பார்க்கவில்லை. ஆபரேட்டர் டீ குடிக்க வந்தார். நாற்பது வயதிருக்கும், கழுத்தில் ரிமோட் தொங்கியது.

"இன்னா நைனா, கொக்கு புடிக்கிறியா?" என்றார், ஆண்டெனாவைப் பார்த்து.

"உங்க ரிமோட் பேசறத ஒட்டுக் கேக்கறேன் அண்ணாத்தே."

"கேட்டு எனக்கும் சொல்லு. ஊட்ல பொண்டாட்டி பேசறதே புரியல."

அந்தப் பேச்சை நினைவில் வைத்திருந்துதான் விபத்து நடந்த மறுநாள் என்னைத் தேடி வேலப்பன்சாவடிக்கு வந்தார்.

விபத்து இப்படி. தகடுக்கட்டு ஒன்று தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்குவதற்கு அடியில் மரக்கட்டை வைக்க, கீழே நின்று பெல்ட் மாட்டும் கொக்கிக்காரன் குனிந்தான். கட்டு திடீரென்று பக்கவாட்டில் போனது. அவனுடைய வலது காலைப் பக்கத்தில் அடுக்கியிருந்த தகடுகளோடு வைத்து அழுத்தியது. ஆபரேட்டர் சிவப்புப் பட்டனை அடித்தபோது நின்றது, ஆனால் நின்ற இடத்திலேயே நின்றது. காலை விடுவிக்கத் தகடுக்கட்டைப் பின்னால் இழுக்க வேண்டியிருந்தது. முழங்காலுக்குக் கீழே இருந்ததை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

"பட்டன்ல என் வெரலே இல்ல, நைனா" என்றார் ஆபரேட்டர். "ஒரு வாரமாவே அது தானா தானா இழுத்துகினு இருந்துது. மொதலாளியாண்ட சொன்னேன். குடிச்சிருக்கியானு கேட்டாரு. இப்போ அந்தத் தம்பிக்காரன் எங்க தெருவுலயே சுத்திகினு கீறான். எங்க ஊடும் அவுங்க ஊடும் ஒரே தெரு. நா எங்க ஓடறது?"

பழைய மாணவனின் ப்ராஜெக்டைத் திறந்தேன். கோப்புக் கட்டத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் குச்சிக் கட்டத்தை வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். இரண்டு நாள் கழித்து, அதாவது அன்று காலை, யார்டுக்கு எடுத்துப் போனேன்.

முதலாளி இருந்தார், தம்பி இருந்தான், அவனோடு இரண்டு பேர். முதலில் ஆபரேட்டர் தன் ரிமோட்டை அழுத்தட்டும், அதைத் திரையில் காட்டுகிறேன், பிறகு அவர் கையை எடுத்ததும் வேறு எங்கிருந்தாவது செய்தி வருகிறதா என்று பார்ப்போம் என்றேன். அவர் அழுத்தினார். தலைக்கு மேலே கிரேன் உறுமிக்கொண்டு போனது. என் திரையில் ஒன்றும் இல்லை.

ஆண்டெனாவைத் திருப்பினேன். அலையை வாங்கும் திறனைக் கூட்டினேன், குறைத்தேன். மலிவான குச்சி தகரக் கூரைச் சூட்டில் அலைவரிசை விலகும் என்று அதைத் திருத்தினேன். உடைந்த செய்திகள் இரண்டு வந்தன. சரிபார்க்கும் கட்டம் இரண்டையும் தள்ளிவிட்டது. ஓரத்தில் கறுப்பு ஜன்னலில் 'ஓ' என்ற ஆங்கில எழுத்து வரிசையாக விழுந்துகொண்டே இருந்தது. பார்த்தேன். பழைய லேப்டாப், திணறுகிறது என்று விட்டுவிட்டேன்.

"கிரேன் ஓடறது எங்களுக்கே தெரியுதே தலைவா. உன் பொட்டிக்கு கண்ணு அவிஞ்சி போச்சா?" என்றான் தம்பி. கூட வந்தவன் சிரித்தான். தம்பி சிரிக்கவில்லை. தகடு தூக்கும் பெல்ட்டை இரண்டாக மடித்துக் கையில் சுற்றினான்.

முதல் அடி வாயில். இரண்டாவது எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. நான் தரையில் இருந்தேன். கூட வந்தவர்கள் ஆபரேட்டரைப் பிடித்துக்கொண்டு வயிற்றில் மாறி மாறி உதைத்தார்கள். தம்பி லேப்டாப்பை நோக்கிக் காலைத் தூக்கினான். நான் கையை மேலே வைத்தேன். சுண்டுவிரல் போனது அப்போதுதான்.

"அத்த ஒடைக்காத மாமே" என்று கீழே கிடந்தபடி ஆபரேட்டர் சொன்னார். "என் காலு அதுக்குள்ள கீது."

தம்பி காலை இறக்கினான். ஆபரேட்டரின் ரிமோட்டிலிருந்து முதலாளி பேட்டரியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கிரேனின் மெயின் சுவிட்சையும் அணைத்தார். ஆறு மணி வரை பார்க்கலாம், யார்டுக்குள் போலீஸ் வராதபடி முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார். என்னை வெளியே தள்ளினார்கள்.

மண்ணூர்பேட்டை தாண்டி, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் ஒரு பிரியாணிக் கடைக்கு எதிரே நிழலில் மதியம் தாண்டும்வரை உட்கார்ந்திருந்தேன். லேப்டாப் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத்தான் திறந்தேன். மூலையில் கண்ணாடி கீறியிருந்தது, மற்றபடி ஓடியது. குச்சியைச் செருகினேன். கடை வாசலில் யாரோ காரைப் பூட்டினார்கள். அந்தச் சாவியும் ஏறக்குறைய அதே அலைவரிசையில்தான் பேசும். திரையில் அதன் துடிப்பு துண்டு துண்டாக வந்தது, அதுவும் காரின் விளக்கு மின்னி முடிந்து நெடுநேரம் கழித்து. 'ஓ' மட்டும் நிற்காமல் விழுந்தது.

தாமதமாக வருகிறது என்றால் வழியில் எங்கோ தேங்குகிறது. கட்டங்களை ஒவ்வொன்றாக இடது கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். மூன்றாவதாக அது இருந்தது.

கோப்பை ஓட்டும்போது மென்பொருளுக்கு நேரம் தெரியாது. ஒரு மணி நேரப் பதிவை ஒரே மூச்சில் விழுங்கிவிடும். அதற்காக நடுவே ஒரு கட்டம் வைப்போம். சென்டரில் அதை வேகத்தடை என்போம். வினாடிக்கு இவ்வளவுதான் என்று அளந்து அனுப்பும். உண்மையான குச்சி இருக்கும்போது அந்தக் கட்டமே கூடாது; குச்சி தன் வேகத்தில் கொட்டிக்கொண்டிருக்கும். தடை இருந்தால் பின்னால் தேங்கும், தேங்கியது வழிந்து வீணாகும். வழியும்போதெல்லாம் ஒரு 'ஓ' விழும். பழைய கோப்பின் வேகம் குச்சியின் வேகத்தில் கால் பங்கு. காலையில் வந்த ஒவ்வொரு செய்தியிலும் முக்கால் பங்கைக் கொட்டிவிட்டு மீதியைத்தான் படிக்கப் பார்த்திருக்கிறேன். கோப்பை மட்டுமே ஓட்டிப் பழகியவனுக்கு அந்தக் கட்டம் கண்ணில் படாது. கல்லூரியில் படித்த பையன் யாராவது முதல் நாளே அதைப் பிடித்திருப்பான்.

அழித்தேன். 'ஓ' நின்றது. அடுத்த கார்ச் சாவியின் துடிப்பு முழுசாக வந்தது.

அப்போது போன் அடித்தது. ஆபரேட்டர்.

"எங்க கீற நைனா?"

"எஸ்டேட்டாண்ட."

"ஓடிட்டியானு கேக்கறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பன்னு துன்னுட்டு வருவான்னு சொன்னேன்." மூச்சு வாங்கினார்.

பின்னாலிருந்து தம்பியின் குரல் வந்தது. "வலது கால் செருப்ப கழட்டி வெச்சாச்சுனு அவனாண்ட சொல்லு."

"செருப்ப..." என்று ஆரம்பித்தார். கன்னத்தில் அறை விழும் சத்தம் கேட்டது. பிறகு மறுபடி அவர் குரல், முன்போலவே. "சரி நைனா. வா."

எழுந்து வந்த வழியே நடந்தேன். உள்ளே போய்விட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன் என்று சொல்ல மாட்டேன். வெளியே இருந்து ஒரு தடவை பார்ப்போம், இல்லையென்றால் அப்படியே போய்விடலாம் என்றுதான் நினைத்தேன்.

யார்டுக்கும் பக்கத்து யார்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சுவர் முடியும் இடத்தில் ஒரு சந்து. அங்கே குந்தி, லேப்டாப்பைத் தொடைமேல் வைத்தேன். மணி நாலு இருக்கும். ஆபரேட்டரின் ரிமோட்டில் பேட்டரி கிடையாது, அவருடைய கிரேன் மின்சாரம் இல்லாமல் நின்றிருந்தது. ஆனால் திரையில் வரிகள் ஏற ஆரம்பித்தன. உடையாத, முழு வரிகள். ஒவ்வொன்றின் தலையிலும் அவருடைய கிரேன் எண். மேலே, இடது, இடது, நிறுத்து. எட்டிப் பார்த்தேன். பக்கத்து யார்டில் ஒல்லியாக ஒருவன் மஞ்சள் ரிமோட்டோடு சுவரை ஒட்டி நடந்தான். குழாய்க் கட்டு ஒன்று அவன் சொன்னபடி இடதுபக்கம் போனது. குழாய்களைப் புதிதாக இந்தச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ரிமோட் தூரத்தில் இருந்தவரை சிக்கல் இல்லை. கிட்டே வந்ததும் சுவர் தாண்டி ஆபரேட்டரின் கிரேனையும் இழுத்திருக்கிறது.

ஆபரேட்டர் தப்பித்தார் என்று நினைத்தேன். அப்போதுதான் வரியின் கடைசியைப் பார்த்தேன். அந்த இடம் யாருக்கும் தேவைப்படாது, எல்லா ரிமோட்டும் அங்கே பூஜ்யம் அனுப்பும். இதில் 41 இருந்தது.

ஒன்பதாம் வகுப்பில் என் வரிசை எண் 41. வாத்தியார் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என் கையால் செய்து கொடுத்த எதிலும், காலியாக ஓர் இடம் கிடைத்தால் அந்த எண்ணைப் போட்டுவிடுவேன். வேறு யாருக்கும் அது தெரியாது.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒருவர் பழுதாகிப்போன கிரேன் ரிமோட்டையும் கிரேனில் மாட்டும் ரிசீவர் பெட்டியையும் சென்டரில் கொண்டுவந்து வைத்தார். டீக்கடையில் எடுத்த பழைய கோப்பு இருந்தது, அதே வகை ரிமோட். அதிலிருந்த செய்திகளை அப்படியே நானே செய்த ஒரு புது ரிமோட்டில் ஏற்றி, பெட்டியின் எண்ணையும் அதற்கேற்ப மாற்றி வைத்தேன். கிரேன் எண்ணைப் புதிதாகப் போட வேண்டும் என்று தோன்றியது. அன்று வேறு இரண்டு மாணவர்கள் காத்திருந்தார்கள். எந்த யார்டுக்குப் போகிறது என்று கேட்கவில்லை.

சந்தில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு கிரேனுக்கும் ஒரே எண்தான் என்று காட்டினால் போதும், ஆபரேட்டரின் கால் தப்பும். 41 என்ன என்று யாரும் கேட்கப்போவதில்லை. அந்த எண்ணத்தோடுதான் எழுந்து உள்ளே போனேன்.

இந்த முறை திரையைப் பார்த்ததும் அவர்களுக்குப் புரிந்தது. சுவருக்கு அப்பால் குழாய் போகும் திசையும் வரியில் வரும் சொல்லும் ஒன்றாக இருந்தன. முதலாளி இரண்டு தடவை எட்டிப் பார்த்துச் சரிபார்த்தார். ஆபரேட்டர் நாற்காலியிலேயே முகத்தை மூடிக்கொண்டார்.

தம்பி சுவர் ஏறிக் குதித்தான், கூட வந்தவர்களும். அந்த ஒல்லி ஆளை மஞ்சள் ரிமோட்டோடு கேட் வழியாக இழுத்து வந்தார்கள். வரும்போதே அவனுக்குக் காது கிழிந்திருந்தது.

"நா இன்னாபா பண்ணேன், என் கிரேனத்தானே ஓட்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். ஒருவன் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்தான். இன்னொருவன் அவனுடைய வலது காலை இழுத்து இரண்டு தகடுகளுக்கு நடுவே இருந்த சந்தில் வைத்துப் பிடித்தான். தம்பி குழாய் ஒன்றைப் பொறுக்கிக் கையில் எடைபார்த்தான்.

நான் ஆபரேட்டரைப் பார்த்தேன். அவர் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் இல்ல. அந்த ரிமோட்ட செஞ்சது நான்" என்றேன்.

41-ஐக் காட்டினேன். ஒன்பதாம் வகுப்பைச் சொன்னேன். கோப்பைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை யாரும் நகரவில்லை. தம்பி குழாயோடு என் பக்கம் திரும்பினான். ஆனால் அவனுக்கு முன் ஆபரேட்டர் எழுந்துவிட்டார். ஒரு காலில் செருப்போடு வந்தார், கீழே கிடந்த மஞ்சள் ரிமோட்டை எடுத்தார், அதால் என் வாயில் அடித்தார். ஆடிய பல் போனது. அவர் நிறுத்தவில்லை. ரிமோட்டின் ஓடு உடைந்து பட்டன்கள் சிதறும்வரை அடித்தார். காலையிலிருந்து அவர் வாங்கிய உதை எல்லாம் அதில் இருந்தது. கடைசியில் அவரைப் பிடித்து இழுத்தவன் தம்பிதான்.

"போதும். செத்துடுவான்" என்றான்.

"இவன் கால ஒடை" என்றார் ஆபரேட்டர். அழுதுகொண்டிருந்தார்.

தம்பி என்னைப் பார்த்தான். குழாயைக் கீழே போட்டான். "ஒடச்சா எங்கண்ணன் எடத்துல எவன் நிப்பான்?" என்றான். முதலாளியின் பக்கம் திரும்பினான். "மூணு நாளா அந்தக் கிரேன் கீழ நிக்க ஒருத்தனும் வர்ல இல்ல? நாளைலேர்ந்து இவன் நிப்பான். இவருதான் ஓட்டணும்." ஆபரேட்டரைக் காட்டினான். "பாக்கலாம்."

முதலாளிக்கு அது போதுமாக இருந்தது.

அவர்கள் சுற்றி நிற்க, பக்கத்து யார்டின் ரிசீவர் பெட்டியை இறக்கி எண்ணை மாற்றினேன். உடைந்த விரலோடு அந்தச் சின்னச் சுவிட்சுகளைத் தள்ள நெடுநேரம் ஆனது. அந்த ரிமோட் இனி ஓடாது; வேறு வாங்கும்போது இந்தப் புது எண்ணைத்தான் போட வேண்டும் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை ஆவடி ஸ்டேஷனில் பையோடு நின்றேன். ஊரை விட்டு அரக்கோணம் பக்கம் போகும் வண்டி முதலில் வந்தது. கதவோரம் இடம் இருந்தது. அது போன பிறகு சென்ட்ரல் வண்டியில் ஏறி, யார்டுக்குப் பக்கமான கொரட்டூரில் இறங்கினேன்.

யார்டில் கால் போனவனின் கையுறையைக் கொடுத்தார்கள். வலது கையுறைக்குள் கட்டுப்போட்ட விரல் போகவில்லை. சுண்டுவிரல் பகுதியை வெட்டிப் போட்டுக்கொண்டேன். ஆபரேட்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. உதடு வீங்கியிருந்தது, அவருக்கும் எனக்கும். கொக்கி இறங்கியது. பெல்ட்டை மாட்டினேன். தகடுக்கட்டு எழுந்து, இறக்க வேண்டிய இடத்துக்கு வந்து, முழங்கால் உயரத்தில் நின்றது. மரக்கட்டையை எடுத்தேன். இனி குனிய வேண்டும்.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவர் ரிமோட்டை விட்டுவிட்டார். அது கழுத்துப் பட்டையில் தொங்கியது. இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கி, பத்து விரல்களையும் விரித்து, நான் பார்க்கும்வரை அப்படியே பிடித்திருந்தார்.

நான் குனிந்து கட்டையை வைத்தேன்.